மாடியில் மணி அடிக்க வேண்டும்

எனக்குத் தெரிந்த ஒரு சிறிய அச்சகம். கீழே கவுன்ட்டர், அங்கே ஒரு கம்ப்யூட்டர். மாடியில் டிடிபி அறை, அங்கே இன்னொன்று. கல்யாணப் பத்திரிகைக்குப் புரூஃப் பார்க்க யாராவது வந்து நின்றால், கவுன்ட்டரில் இருக்கும் பெண் மாடிப்படியடியில் நின்று "அண்ணே!" என்று குரல் கொடுப்பாள். பின்கட்டில் ஆஃப்செட் மிஷின் ஓடிக்கொண்டிருந்தால் அந்தக் குரல் நாலாவது படியைத் தாண்டாது. அப்போது செல்போனில் ஒரு மிஸ்டு கால். அண்ணன் போனில் யாருடனாவது பேசிக்கொண்டிருந்தால் அதுவும் போச்சு.

கடைக்காரர் என் பழைய நண்பர். ஒருநாள் கேட்டார்: "ஏம்ப்பா, ரெண்டு கம்ப்யூட்டரும் ஒரே ரவுட்டர்லதானே மாட்டியிருக்கு? இங்க ஒரு பட்டனைத் தட்டினா அங்க மணி அடிக்கிற மாதிரி வைக்க முடியாதா?"

தாராளமாக வைக்கலாம். பத்து வரி நிரல் போதும். ஆனால் அந்தப் பத்து வரியை எழுதி முடித்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது என்பதை அங்கே போய்த்தான் கற்றுக்கொண்டேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடலாம். இதைக் கேட்கிற பலரும், கீழே எழுகிற சத்தம் கேபிள் வழியாக ஓடி மேலே போய்க் கேட்கும் என்று எண்ணுகிறார்கள். வீடியோ கால்களில் நடப்பது அதுதான். அழைப்பு மணிக்கு அது தேவையே இல்லை. மிஸ்டு காலை நினைத்துப் பாருங்கள். நீங்கள் கூப்பிட்டதும் அண்ணனின் போனில் ஏதோ ஒரு பாட்டு ஒலிக்கிறது. அந்தப் பாட்டை நீங்களா அனுப்பினீர்கள்? அது அவர் போனிலேயே கிடக்கிறது. நீங்கள் அனுப்பியது "இன்னார் கூப்பிடுகிறார்" என்ற தகவல் மட்டும். இங்கேயும் அதே கதை. மணி மேலே ஏற்கெனவே தொங்குகிறது. "அடி" என்ற சொல்தான் கீழேயிருந்து போக வேண்டும்.

அளவைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். சிடி தரத்தில் ஒரு வினாடி ஒலி என்றால் 1,76,400 பைட். "மணி" என்ற தமிழ்ச்சொல்லை யூனிகோடில் அனுப்பினால் 9 பைட். அதோடு முகவரி, தலைப்பு எல்லாம் சேர்த்தாலும் ஈத்தர்நெட்டின் ஆகச் சிறிய பொட்டலமான 64 பைட்டுக்குள் அடங்கி, மிச்சத்துக்கு இட்டு நிரப்ப வேண்டியிருக்கும். கேபிளில் மாட்டிய இரண்டு கணினிகளுக்கு நடுவே அது போய்ச்சேர ஒரு மில்லி வினாடிகூட ஆகாது. மேலே ஸ்பீக்கரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவர் காதுக்கு அந்தச் சத்தம் காற்றில் வந்துசேர சுமார் 9 மில்லி வினாடி ஆகும். மாடியேறிப் போகிற செய்தியைவிட அறைக்குள் நடக்கிற ஒலிதான் மந்தம்.

"அடி" என்ற சொல்லை மட்டும் அனுப்பும் இந்த யோசனை கம்ப்யூட்டர் காலத்துக்கும் முந்தியது. தந்தி அச்சுப்பொறிகள், அதாவது டெலிபிரிண்டர்கள், எழுத்துகளுக்கு ஒரு குறியீடு வைத்திருந்தது போலவே மணிக்கும் ஒன்று வைத்திருந்தன. அந்தக் குறியீடு வந்தால் தாளில் எதுவும் விழாது; பெட்டிக்குள் இருக்கிற நிஜ மணி ஒருமுறை அடிக்கும். பத்திரிகை அலுவலகங்களில் எத்தனை மணி அடிக்கிறது என்பதை வைத்தே செய்தி எவ்வளவு அவசரம் என்று தெரிந்துகொள்வார்கள். 1963-இல் ஆஸ்கி குறியீட்டுத் தரம் வந்தபோது அந்த மணிக்கு 7 என்ற எண் கிடைத்தது. கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு ஜி-யைத் தட்டினால் பிறப்பது அந்த 7-தான். கறுப்புத் திரை டெர்மினல்களில் இன்றைக்கும் அந்த எண் வந்து விழுந்தால் 'டிங்' என்று ஏதோ ஒன்று ஒலிக்கும். நிஜ மணி எப்போதோ போய்விட்டது; அதன் எண் மட்டும் போகவில்லை.

பிங் என்ற கட்டளையைப் பலர் பயன்படுத்தியிருப்பீர்கள். நெட் வரவில்லை என்று புகார் சொன்னால் கம்பெனிக்காரர் முதலில் தட்டிப் பார்க்கச் சொல்வது அதைத்தான். அமெரிக்காவில் மேரிலாண்டிலுள்ள ராணுவ ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதியது. நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் கருவி எழுப்பும் ஒலியின் பெயரையே வைத்தார். ஒரு கணினி இன்னொன்றைப் பார்த்து "இருக்கியா?" என்று கேட்கும், அது "இருக்கேன்" என்று பதில் சொல்லும், அவ்வளவுதான். பின்னாளில் ஒரு மாநாட்டில் ஒருவர் தன்னிடம் சொன்ன அனுபவம் ஒன்றை மூஸ் பதிவு செய்திருக்கிறார். எங்கோ ஒரு கேபிள் விட்டுவிட்டுத் தொடர்பு அறுந்துகொண்டிருந்தது. எது என்று தெரியவில்லை. அந்த நிர்வாகி, பதில் வரும்போதெல்லாம் கணினி "பிங்" என்று வாயால் சொல்லும்படி செய்து, அதை அறையிலிருந்த ஸ்டீரியோவில் கோத்து, சத்தத்தை முழுசாக வைத்தார். வினாடிக்கொரு தரம் கட்டடமே "பிங், பிங்" என்று கத்த, இவர் ஒவ்வோர் இணைப்பாக அசைத்துக்கொண்டே போனார். எதை அசைத்தபோது சத்தம் நின்றதோ அதுதான் குற்றவாளி.

அந்த வசதி இப்போது கட்டளையிலேயே வந்துவிட்டது. லினக்ஸிலும் மேக்கிலும் பிங்கோடு ஒரு கோடும் சின்ன 'ஏ'யும் சேர்த்தால் ஒவ்வொரு பதிலுக்கும் மணி அடிக்கும். விண்டோஸில் முயன்றுவிடாதீர்கள், அங்கே அதே 'ஏ' எண்முகவரிக்குரிய பெயரைத் தேடித் தருகிற வேறு வேலைக்குப் போய்விடும்.

விண்டோஸில் ஒருகாலத்தில் 'நெட் சென்ட்' என்று ஒன்று இருந்தது. எதிர்க் கணினியின் பெயரையும் ஒரு வரியையும் தட்டினால் அங்கே திரையில் ஒரு பெட்டி குதித்து நிற்கும். எக்ஸ்பி காலத்து ஆபீஸ்களில் வேலை பார்த்தவர்களுக்கு, பக்கத்து சீட்டுக்காரரை இதை வைத்துச் சீண்டிய ஞாபகம் இருக்கும். அதைக் கெடுத்தது இணையம். வெளியிலிருந்தே யாரும் அந்தப் பெட்டியைக் குதிக்க வைக்கலாம் என்று கண்டுகொண்ட விளம்பரக்காரர்கள் முன்பின் தெரியாதவர்களின் திரைகளில் கடை விரித்தார்கள். 2003 அக்டோபரில் அந்தச் சேவையில் பெரிய பாதுகாப்பு ஓட்டை ஒன்றும் வெளிப்பட்டது. 2004-இல் வந்த இரண்டாம் சர்வீஸ் பேக்கில் மைக்ரோசாஃப்ட் அதை அணைத்துவைத்தது. விஸ்டாவில் ஆளையே காணோம். அதன் தம்பி மாதிரி 'எம்எஸ்ஜி' என்றொரு கட்டளை இப்போதும் உண்டு. ஆனால் ஹோம் பதிப்பில் கிடையாது. மற்ற பதிப்புகளில் எதிர்க் கணினியின் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றாவிட்டால் "பிழை 5" என்று முகத்தில் அடிக்கும். எல்லாம் சரியாக அமைந்தாலும் நமக்கு வேண்டிய மணியைத் தேர்ந்தெடுக்க அதில் வழியில்லை. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

பைத்தானில் எழுதினேன். மேலே ஒரு நிரல், கீழே ஒரு நிரல். மேலே இருப்பது காது. அது ஒரு போர்ட் எண்ணைப் பிடித்துக்கொண்டு சும்மா காத்திருக்கும். ஒரே கணினிக்கு வருகிற செய்திகளில் பிரவுசருக்கு எது, பிரிண்டருக்கு எது என்று பிரித்துக் கொடுக்கத்தான் இந்த எண். 65,535 வரை இருக்கிறது. 1023 வரை உள்ளவை பெரிய மனிதர்களுக்கு ஒதுக்கியவை. அதற்கு மேலே வேறு எந்த மென்பொருளும் பிடித்துவைக்காத ஒன்றை எடுத்துக்கொண்டேன். செய்தி வந்ததும் நிரல் ஒரு வேவ் கோப்பை வாசிக்கும். பைத்தானோடு வருகிற சாக்கெட் நூலகம் முதல் வேலைக்கும், வின்சவுண்ட் நூலகம் இரண்டாவதுக்கும் போதும். வின்சவுண்டுக்கு எம்பி3 தெரியாது, வேவ் மட்டும்தான். விண்டோஸ் போல்டருக்குள் மீடியா என்ற போல்டரைத் திறந்தால் மணிகள் நிறையக் கிடக்கும்.

கீழே இருப்பது வாய். பட்டனைத் தட்டியதும் மேல்கணினியின் எண்முகவரிக்கு, அந்தப் போர்ட்டுக்கு, ஒரு சொல்லை அனுப்பும். அந்த எண்முகவரி 192.168 என்று தொடங்கும். அதை ரவுட்டர்தான் வாடகைக்குக் கொடுக்கிறது. நாளைக்கே வேறு கொடுக்கலாம். ஆகவே ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குப் போய், "இந்தக் கணினிக்கு எப்போதும் இதே எண்" என்று ஒதுக்கிவைக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, ஒருமாதம் கழித்து "திடீர்னு வேலை செய்யல" என்று கூப்பிடுகிறவர்கள்தான் அதிகம்.

மேக்கும் லினக்ஸும் வைத்திருப்பவர்கள் நிரலே எழுத வேண்டாம். எஸ்எஸ்ஹெச் வழியாக அந்தக் கணினிக்குள் நுழைந்து ஒலிக்கோப்பை வாசிக்கச் சொன்னால் போதும். மேக்கில் அதற்கு 'ஏஎஃப்பிளே' என்ற கட்டளை இருக்கிறது. பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்துவைத்து அதன் வழியாக மணி அடிக்கவைப்பதும் நல்ல வழிதான், ஒரு தந்திரம் தெரிந்திருந்தால். 2018-இலிருந்து குரோம், ஆள் ஒருமுறையாவது சொடுக்காத பக்கத்தைத் தானாகச் சத்தம் போட விடுவதில்லை. விளம்பர வீடியோக்களை அடக்கக் கொண்டுவந்த விதி நம் மணியையும் சேர்த்து அடக்கும். அந்தப் பக்கத்தில் "வேலையைத் தொடங்கு" என்று பெரிதாக ஒரு பட்டனை வைத்து, காலையில் வந்ததும் அதைத் தட்டவைப்பதுதான் வழி.

சரி, நிரல் தயார். முதல் நாள் தட்டினோம். மேலே சத்தமே இல்லை.

முதல் காரணம் ஃபயர்வால். காது நிரலை முதன்முதலாக ஓட்டும்போது விண்டோஸ் ஒரு பெட்டியைக் காட்டி அனுமதி கேட்கும். நம் ஆட்கள் படித்துப் பார்க்காமல் 'கேன்சல்' தட்டுவதில் தேர்ந்தவர்கள். அதோடு அந்த நெட்வொர்க்கை 'பப்ளிக்' என்று விண்டோஸ் குறித்துவைத்திருந்தது. கடையின் சொந்த நெட்வொர்க் என்பதால் 'பிரைவேட்' என்று மாற்றினேன். இன்னொன்று: வாடிக்கையாளர்களுக்கென்று தனியாக வைக்கும் கெஸ்ட் வைஃபையில் ஒரு கணினியை மாட்டியிருந்தால், ஒரே ரவுட்டராக இருந்தாலும் இரண்டும் ஒன்றையொன்று பார்க்க முடியாது. அப்படிப் பிரித்துவைப்பதுதான் அதன் வேலையே.

அனுமதி கொடுத்தபின் நிரல் ஓடியது. செய்தி வந்துசேர்ந்ததாகத் திரையிலும் எழுதிக்காட்டியது. அப்போதும் சத்தமில்லை. நான் நிரலை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து அந்தப் பெண் நாலு தடவை தட்டிவிட்டாள். ஐந்தாவது தடவை, மானிட்டரின் மூலையில் தொங்கிய ஹெட்போனிலிருந்து கொசு முனகுவது போல ஒரு சத்தம். அண்ணன் பாட்டு கேட்டுவிட்டு மாட்டிவைத்தது. அதன் பிளக் கணினியிலேயே செருகியிருந்தது. மணி முதல் தட்டிலிருந்தே ஒழுங்காக அடித்துக்கொண்டிருக்கிறது, யார் காதும் இல்லாத இடத்தில்.

ஹெட்போன் இல்லாவிட்டால் மானிட்டர். எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டிய மானிட்டரை விண்டோஸ் சில சமயம் ஸ்பீக்கராக எண்ணிச் சத்தத்தை அங்கே அனுப்பிவிடும். அதில் ஸ்பீக்கரே இருக்காது. புளூடூத் ஸ்பீக்கர்கள் சும்மா இருந்தால் தூங்கிவிடும். விழித்துக்கொள்வதற்குள் மணியின் முதல் பாதி போய்விடும். குறுகிய 'டிங்' என்றால் முழுசாகவே போய்விடும். வயர் வைத்த பழைய ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி, அதை இந்த வேலைக்கு மட்டும் ஒதுக்குவதே என் சிபாரிசு.

நிரலை விண்டோஸ் சேவையாகப் பதிந்துவைக்கலாமே என்று ஆசை வரும். வேண்டாம். விஸ்டாவிலிருந்து சேவைகள் எல்லாம் ஆள் உட்கார்ந்திருக்கும் அமர்வில் ஓடாமல் தனி அமர்வில் ஓடுகின்றன. திரையில் எதுவும் காட்ட முடியாது, சத்தமும் நம்பத்தக்கதாக வராது. ஸ்டார்ட்டப் போல்டரில் ஒரு குறுக்குவழியைப் போட்டுவிட்டால் அண்ணன் உள்நுழைந்ததும் நிரல் தானாக எழுந்துகொள்ளும். கணினி தூங்கிப்போகாமல் இருக்க ஸ்லீப்பை அணைத்துவிடுங்கள். தூங்குகிற கணினியை நெட்வொர்க் வழியாக எழுப்ப 102 பைட் கொண்ட ஒரு மந்திரப் பொட்டலம் உண்டு. ஆனால் மாடிக்குக் கூப்பிட அதெல்லாம் மலையைக் கெல்லி எலி பிடிக்கிற கதை.

இத்தனையும் சரிசெய்த பிறகு மணி கேட்டது. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு மட்டும் ஒரு உறுத்தல்.

மேலே மணி அடிக்கவில்லை என்றால் அதற்கு இரண்டு அர்த்தம். யாரும் கூப்பிடவில்லை, அல்லது கூப்பிட்டது வந்துசேரவில்லை. மேலே இருப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். கீழே இருப்பவளுக்கோ தட்டியாயிற்று என்ற நிம்மதி. நான் பயன்படுத்திய யூடிபி முறையில், பொட்டலம் வழியில் தொலைந்தாலும் அனுப்பியவருக்குத் தெரியாது. டிசிபி என்ற இன்னொரு முறையை வைத்தால் இந்தச் சிக்கல் தீரும் என்பார்கள். பாதிதான் தீரும். பேச்சில்லாத இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கிற வசதி டிசிபியில் உண்டு. ஆனால் அது தானாக ஓடாது; நிரலில் கேட்டு வாங்க வேண்டும். கேட்டு வாங்கினாலும் வழக்கமான அமைப்பில் முதல் சோதனைக்கே இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் பத்திரிகை அடிக்க வந்தவர் வேறு கடைக்குப் போய்விடுவார்.

ஆகவே இரண்டு சேர்க்கை. ஒன்று, மேல்நிரல் பத்து வினாடிக்கொரு தரம் "இருக்கேன்" என்று கீழே சொல்லிக்கொண்டே இருக்கும். கீழே திரையின் மூலையில் அதனால் ஒரு பச்சைப் புள்ளி. மூன்று தடவை சொல்ல மறந்தால் புள்ளி சிவப்பாகிவிடும். அந்தப் பெண் படியேறிப் போகலாம். இரண்டு, பதில். செய்தி வந்தது என்று நிரல் சொல்வதோ, ஒலியை வாசித்துவிட்டேன் என்று சொல்வதோ போதாது. ஹெட்போன் கதையில் அவை இரண்டுமே நடந்தன. ஆள் கேட்டார் என்பது தெரிய வேண்டும். அண்ணன் ஒரு விசையைத் தட்டினால் கீழே "வர்றேன்" என்று வரும். தட்டும் வரை பதினைந்து வினாடிக்கொரு முறை மணி மறுபடி அடிக்கும். ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு எண் கொடுத்துவிட்டேன். பதில் வராவிட்டால் கீழ்நிரல் அதே செய்தியைத் திரும்ப அனுப்பும். எண் இருப்பதால், ஒரே அழைப்பு இரண்டு தடவை வந்தாலும் மேல்நிரல் அதைப் புது அழைப்பாக எடுத்துக்கொள்ளாது.

அந்தச் செய்தியோடு ஒரு ரகசியச் சொல்லும் போகும். இல்லாவிட்டால் கடை வைஃபையில் இருக்கும் எந்தப் பொடியனும் விளையாட்டுக்கு அடிப்பான். ரவுட்டரில் அந்தப் போர்ட்டை வெளியுலகத்துக்குத் திறந்துவிடக் கூடாது. நெட் சென்ட்டுக்கு நேர்ந்தது ஞாபகம் இருக்கட்டும்.

எந்த ஒலி வைப்பது என்பதில்தான் கடையில் பெரிய விவாதம். வாட்ஸ்அப் 'டொய்ங்' போல இருந்தால் யாருடைய போனோ என்று விட்டுவிடுவார்கள். ஆஃப்செட் மிஷினின் உறுமல் அடித்தொண்டைக் குரல். அதோடு போட்டி போட மணி சற்று மேல் ஸ்தாயியில் இருக்க வேண்டும். ரொம்பக் கீச்சென்று போனால் வயதானவர் காதுக்கு எட்டாது. 1,000 ஹெர்ட்ஸுக்கு அக்கம்பக்கம் இருக்கட்டும் என்றேன். கடைசியில் கவுன்ட்டர் பெண்ணின் குரலையே பதிவுசெய்து போட்டார்கள்: "அண்ணே, கீழ வாங்க." அவசரமில்லாத வேலைக்கு ஒரு மணி மட்டும், வாடிக்கையாளர் நிற்கிறார் என்றால் மூன்று மணியும் அவள் குரலும். டெலிபிரிண்டர் பற்றி நான் அவர்களிடம் சொல்லவில்லை; அவர்களாகவே அந்த ஏற்பாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு மதியம் நண்பர் கூப்பிட்டார். "கரண்ட் போனா மணியும் போயிடுதுப்பா. ரெண்டு கம்ப்யூட்டருக்கும் யுபிஎஸ் இருக்கே?" புள்ளி என்ன நிறம் என்று கேட்டேன். சிவப்பு என்றார். ரவுட்டரை எங்கே செருகியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு நாற்காலியை நகர்த்தும் சத்தம், மேசைக்கடியில் குனிகிற ஒருவரின் மூச்சு, சுவர் பிளக்கிலிருந்து எதையோ பிடுங்கி வேறெங்கோ செருகும் சத்தம். அரை நிமிஷம் கழித்துப் பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது: "சார், பச்சை வந்துடுச்சு."